தவணை நாளோடு வாழ்வது: ஓய்வு பெற்றவர்கள் பொது நூலகத்தைப் பயன்படுத்தும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், கானாடுகாத்தான் என்று எங்கள் செட்டிநாட்டுப் பக்கங்களில் பணி ஓய்வுக்குப் பின் சொந்த வீட்டுக்குத் திரும்பி வருவோர் பலர் உண்டு. சென்னையிலோ சிங்கப்பூரிலோ 30 ஆண்டுகள் இருந்துவிட்டு, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, முன்கட்டில் மட்டும் குடியேறிய சில நாள்களிலேயே, "இனி நிறையப் படிக்கலாம் என்று இருக்கிறேன், எதிலிருந்து தொடங்குவது, டீச்சர்?" என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் என்னிடம் ஒரு நூற்பட்டியல் தயாராக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். (நூலகத்தில் வேலை பார்த்தவளை ஊர் ஏனோ டீச்சர் என்றே அழைக்கிறது, திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.) என்னிடம் அப்படிப் பட்டியல் எதுவும் கிடையாது. பக்கத்து நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்து ஒரே ஒரு நூலை இரவல் வாங்கி வாருங்கள் என்பதே நான் சொல்லும் விடை.

காரணம் எளியது. அலுவலில் இருந்தவரை எந்த வேலைக்கும் ஒரு கடைசி நாளை யாராவது குறித்துக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற பின் அப்படி நாள் குறிப்பவர் இல்லை. நாள் முழுவதும் நம்முடையதாகிவிடுவதாலேயே படிப்பு நாளைக்கு, நாளைக்கு என்று நழுவுகிறது. விலைக்கு வாங்கிய நூல் நமக்காகக் காத்திருக்கும், காத்திருந்தே பழுப்பேறும். இரவல் நூலின் உள்பக்கத்தில் ஒட்டிய தவணைச் சீட்டிலோ ஒரு தேதி முத்திரையிடப்பட்டிருக்கிறது. அந்தத் தேதிக்குள் படித்து முடிக்க வேண்டும், அல்லது முடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு புதுப்பிக்க வேண்டும். ஓய்வூதியரின் வாரத்துக்கு இந்தத் தேதி ஓர் எலும்புக்கூடு போல. கீழே சொல்லும் முறைகள் எல்லாம் இந்தத் தேதியைச் சுற்றியே அமைந்தவை.

உறுப்பினராவது

விண்ணப்பப் படிவம், முகவரிச் சான்றின் நகல், சிறு காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவை போதும். எத்தனை நூல்கள் ஒரே நேரத்தில் வேண்டும் என்பதைப் பொறுத்துக் காப்புத்தொகை மாறும். தொடக்கத்தில் ஒரு நூலுக்கு மட்டும் கட்டுங்கள். மூன்று நூல்களை எடுத்து வந்து மூன்றையும் பாதியில் விடுவோரை நான் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

"அரசு இலவசமாக நடத்துவதில் போய் என்ன இருக்கப் போகிறது?" என்ற தயக்கம் வெளிநாட்டிலிருந்து திரும்பியோரிடம் மிகுதி. அது இலவசமன்று. உங்கள் வீட்டு வரி இரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் ஏற்படுத்திய வரி அது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் பல்லாண்டுகள் வாதாடியதாலும், அப்போது கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அதை ஏற்றுக் கொண்டுவந்ததாலும் உருவான சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று இயற்றப்பட்ட முதல் சட்டமும் இதுவே. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலகத்துக்குச் செல்கிறது. ஆயிரம் சன்னல் வைத்த வீட்டுக்கு ஆண்டுதோறும் வரி கட்டிவிட்டு, அந்த வரியில் வாங்கிய நூலை ஒரு முறையேனும் தொட்டுப் பார்க்காமல் இருப்பவர்கள் நம் பகுதியில்தான் அதிகமோ என்று எனக்கு ஓர் ஐயம்.

எந்த நேரத்தில் போவது

முதலில் உங்கள் நூலகம் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிவகங்கையில் இருப்பது மாவட்ட மைய நூலகம். அதற்குக் கீழே முழுநேரக் கிளை நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று படிநிலைகள் உண்டு. திறக்கும் நேரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. பல கிளை நூலகங்கள் நண்பகலில் அடைத்து மாலையில் திறக்கும். வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதும் வெள்ளி மூடியிருக்கும் என்பதும் புதிதாக வருவோருக்குப் பழகச் சில வாரம் ஆகும்.

திறந்தவுடன் போகாதீர்கள். முதல் அரை மணி நேரம் நாளிதழ் வாசகர்களுக்கு உரியது. அவர்களுள் ஒரு நாளிதழைப் படித்துக்கொண்டே மற்றொன்றைத் தொடைக்கடியில் வைத்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவரோடு போட்டியிடுவதில் பயனில்லை. அதே நேரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழ் உள்ள இடங்களைப் பிடித்திருப்பார்கள். அந்த இடங்களை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். அவர்களுக்கு நாள் முழுவதும் அங்கே வேலை இருக்கிறது, நமக்கு அப்படியில்லை. ஒன்பதரை, பத்து மணி வாக்கில் கூட்டம் அடங்கி, நூலகர் முந்தைய நாள் திரும்பி வந்த நூல்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும் வேளைதான் நூல் தேடுவதற்கு ஏற்றது. சித்திரை, வைகாசி வெயிலில் பதினொரு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும்.

நுழைந்ததும் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. "தினமும் வருகிறேன், என்னைத் தெரியாதா?" என்று கேட்பார்கள். நூலகருக்குத் தெரியும், ஆனால் மேலதிகாரிக்குப் போகும் மாதாந்திர அறிக்கைக்குத் தெரியாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல்கள் இரவல் போயின, எத்தனை நூல்கள் அங்கேயே எடுத்துப் படிக்கப்பட்டன என்ற மூன்று எண்கள்தான் ஒரு சிறிய நூலகம் உயிரோடு இருப்பதற்கான சான்று. ஊர்ப்புற நூலகம் ஒன்றில் இருந்தபோது, எதிர்த் திண்ணையில் அமர்ந்து ஓசியில் வார இதழ் வாங்கிப் படித்த பெரியவர்களை எழுந்து வந்து கையொப்பமிட வைப்பதற்குள் எனக்கு ஓராண்டு ஆயிற்று.

தேடுவதும் கேட்பதும்

நூலின் முதுகில் ஒட்டிய சீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பதின்மப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதையடுத்து வரும் இலக்கம் இலக்கிய வகையைக் குறிக்கும்: 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை, 6 கடிதம். ஆகவே 894.8113 என்ற சீட்டுகள் வரிசையாக இருக்கும் இடம் நாவலும் சிறுகதையும். தமிழ்நாட்டு வரலாறு 954.82-இல் இருக்கும், இந்து சமயம் 294.5-இல், சமையல் 641.5-இல். இரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகங்களில் எண்களோடு எழுத்துகளும் முக்காற்புள்ளியும் கலந்து வரும். அங்கே நீங்களாகக் கணிக்க முயலாமல் நூலகரிடம் ஒரு முறை கேட்டு, உங்களுக்கு வேண்டிய நான்கைந்து எண்களை மட்டும் குறித்துக்கொள்வது நல்லது.

எண்ணைத் தெரிந்துகொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரே எண்ணுக்குள் ஒரே பொருள் பற்றிய நூல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. நீங்கள் தேடிப் போன நூல் இரவலில் போயிருந்தாலும் அதற்கு இடமும் வலமும் உள்ளவை அதன் பங்காளிகள்தாம். அவற்றுள் ஒன்றை எடுத்துப் பொருளடக்கத்தையும் நடுவில் ஏதேனும் இரண்டு பக்கத்தையும் படித்துப் பாருங்கள். முன்னுரையை வைத்து நூலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நம் முன்னுரைகள் பெரும்பாலும் நட்புக்காக எழுதப்படுபவை.

அலமாரியைவிட நான் அதிகம் நம்பும் இடம் ஒன்று உண்டு. திரும்பி வந்த நூல்களை அடுக்குவதற்கு முன் வைத்திருக்கும் மேசை அது. ஊரில் ஒருவர் உண்மையிலேயே வீட்டுக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்தவை அங்கே இருக்கின்றன. ஒரு நூலின் தவணைச் சீட்டில் அண்மைத் தேதிகள் நெருக்கமாக விழுந்திருந்தால் அது எந்த மதிப்புரையையும்விட நம்பத் தக்க பரிந்துரை. மாறாக, பன்னிரண்டு ஆண்டுகளாக முத்திரையே விழாத நூலையும் அவ்வப்போது எடுத்து வருவது என் வழக்கம். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது இரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது விதியின் பொருட்டு ஏதோ ஒரு நூலுக்கு நான் வாசகியாகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப் பார்த்து வேண்டாமென்று தீர்மானித்த நூலை நீங்களே அலமாரியில் செருகிவிடாதீர்கள், மேசைமேல் வையுங்கள். இடம் மாறி நின்ற நூல் தொலைந்த நூலுக்குச் சமம். அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரை அது எவர் கண்ணிலும் படாது. தவிர, மேசையில் கிடக்கும் நூலைத்தான் நூலகர் அன்று பயன்படுத்தப்பட்டதாகக் கணக்கில் எழுதுவார்.

இனி, கேட்கும் முறை. "நல்ல நாவலாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் நூலகர் கைக்கு எட்டியதைத்தான் கொடுப்பார், அவர்மேல் குற்றமில்லை. கடைசியாக விரும்பிப் படித்தது எது, எந்த இடத்தில் பிடிக்காமல் மூடினீர்கள், எவ்வளவு பருமன் இருந்தால் கை வலிக்கும் என்று சொல்லிக் கேளுங்கள். என் மேசைக்கு ஓர் ஆச்சி வந்து, "பர்மா வருகிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கதைதான் வேண்டுமென்று நினைத்து நாவல் பகுதிக்கு அழைத்துப் போனேன். பேசப் பேசத் தெரிந்தது, அவருடைய ஐயா 1942-இல் ஜப்பானியர் குண்டுவீச்சுக்குப் பின் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களில் ஒருவர் என்பதும், அந்த வழி எப்படி இருந்திருக்கும் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது என்பதும். அவருக்குரிய நூல்கள் தன்வரலாற்றுப் பகுதியிலும் பயணப் பகுதியிலும் இருந்தன. நாவல் பகுதியில் அல்ல. என்ன நூல் வேண்டும் என்பதைவிட எதற்காக வேண்டும் என்று சொல்வது நூலகரின் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது.

ஊர் நூலகத்தில் இல்லாத நூலுக்குப் பரிந்துரைப் பதிவேடு கேட்டு, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் தெளிவாக எழுதுங்கள். உடனே வராது. ஆனாலும் எழுதாத நூல் எப்போதுமே வராது. வாசகர் வட்டம் இயங்கும் நூலகமாக இருந்தால் அதில் சேருங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் தேசிய நூலக வாரத்துக்கு மட்டும் உயிர் பெறும் வட்டமாக இருந்தாலும் சேருங்கள், உங்களைப் போல் நேரம் உள்ளவர்கள் வந்தால்தான் மற்ற மாதங்களிலும் கூடும்.

ஓய்வு பெற்ற நூலகருக்கு மட்டும்

என்னைப் போன்றவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். நாம் வேலை பார்த்த நூலகத்துக்கு முதல் ஆறு மாதம் போகாமல் இருப்பதே நல்லது. வேறு நூலகத்தில் உறுப்பினராகுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஓய்வு பெற்ற இரண்டாம் வாரமே போய், சிறுவர் நூல்களை வாசலுக்கு அருகே மாற்றி வைத்திருந்ததைக் கண்டு, புதிதாக வந்த பெண்ணிடம் அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் உட்காருங்கள் அம்மா, பேப்பர் எடுத்து வருகிறேன்" என்றார். அதன் பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அவர் மாற்றியதுதான் சரி என்பதும் பள்ளி விடுமுறையில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்தபோது தெரிந்தது.

ஆகவே, வாசகர் பக்கத்து நாற்காலியில் உட்காரப் பழகுங்கள். வரிசை கலைந்திருந்தால் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். உதவி செய்ய விரும்பினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: கிழிந்த நூலைக் கட்டும் வேலை, சிறுவர்க்குக் கதை சொல்லும் ஞாயிற்றுக்கிழமை, நூலகத்துக்கு வந்த நூல்களைக் குறித்த பழைய சேர்க்கைப் பதிவேட்டின் கையெழுத்தைப் படித்துச் சொல்வது ஆகியவை எவரும் மறுக்காதவை. மற்றபடி, பணியில் இருந்தபோது நமக்கு வாய்க்காத ஒன்று இப்போது வாய்த்திருக்கிறது. வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். நூலகரால் பணி நேரத்தில் ஒரு நூலை முழுமையாகப் படிக்க முடிவதே இல்லை. பின்னட்டை, பொருளடக்கம், எண் ஒட்டும் இடம் ஆகிய மூன்றை வைத்தே பல்லாயிரம் நூல்களோடு வாழ்ந்திருக்கிறோம்.

வீட்டில் படிப்பது

செட்டிநாட்டு வீட்டில் படிப்பதற்கான இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முகப்பில் காற்று உண்டு, ஆனால் தெருவில் போவோரெல்லாம் நலம் விசாரிப்பார்கள். வண்ணக் கண்ணாடி பதித்த சன்னலருகே தாளின்மேல் பச்சையும் சிவப்பும் விழும். ஊஞ்சல் உறக்கத்துக்கு. காலை எட்டு முதல் பத்து வரை, வெயில் முற்றத்துக்குள் நேராக இறங்குவதற்கு முன், முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூணை ஒட்டி இடப்பக்கமிருந்து வெளிச்சம் வரும்படி ஒரு நாற்காலி போட்டுக்கொள்வதே சரி. ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு நெடுநேரம் தரையில் உட்கார்ந்தால் எழுவதற்கு ஆள் தேட வேண்டிவரும். கனமான நூலுக்குப் பழைய கணக்குப்பிள்ளையின் சாய்பலகைப் பெட்டி பரணில் இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். அதை மேசைமேல் வைத்து நூலைச் சாய்த்தால் கழுத்து குனியாது.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே நூலின் பெயர், ஆசிரியர், முதுகிலுள்ள எண், தவணை நாள். நாவலாக இருந்தால் கதைமாந்தர் பெயர்களையும் உறவையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். அறுபதுக்குப் பின் இது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று. தவணைக் காலத்தை மனத்தில் வைத்து மொத்தப் பக்கத்தை நாள்களால் வகுத்துக்கொள்ளுங்கள். 300 பக்க நூலுக்கு நாளொன்றுக்கு 25 பக்கம் என்றால் 12 நாளில் முடிந்துவிடும். இடையில் ஒரு கல்யாணமும் ஒரு துக்க வீடும் வந்தாலும் தாங்கும். 50 பக்கம் படித்தும் உள்ளே போக முடியாத நூலை மனச்சான்று உறுத்தாமல் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பக்கத்தில், எதனால் விட்டீர்கள் என்று நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த முறை நூலகரிடம் சொல்ல அது உதவும்.

கண்புரை அறுவைக்குப் பின் மருத்துவர் சொல்லும் வரை படிக்க வேண்டாம். அந்த வாரங்களில் பேரப்பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் கைபேசியில் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகின்றன. தட்டச்சு செய்யப்பட்டவற்றில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிகிறது. படமெடுத்து ஏற்றியவற்றைச் சிறிய திரையில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

வீட்டு அலமாரியும் கொடையும்

நம் பகுதியில் ஓய்வு பெற்றுத் திரும்புவோருக்கு வேறெங்கும் இல்லாத ஒரு கேள்வி காத்திருக்கிறது: ஐயா காலத்து நூல்களை என்ன செய்வது? பெட்டகத்தைத் திறந்தால் திருமுறை, இராமாயண வசனம், பர்மாவிலிருந்து வந்த பழைய இதழ்கள், மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள் என்று கொட்டும். அவசரப்பட்டு எடைக்குப் போடாதீர்கள். அப்படியே மூட்டை கட்டி நூலகத்தில் இறக்கவும் செய்யாதீர்கள். ஒரு முறை எங்கள் நூலக வாசலில் நான்கு சாக்கு மூட்டைகளை ஒரு வீட்டார் இறக்கிவிட்டுப் போனார்கள். அன்போடு கொடுத்ததுதான். அவிழ்த்தபோது உள்ளே கறையான் புற்று இருந்தது. அதிலிருந்து எங்கள் அலமாரியைக் காப்பாற்ற ஒரு வாரம் பிடித்தது.

முதலில் நிழலில் பரப்பிக் காற்றாட விடுங்கள். நேர் வெயில் கூடாது, பழைய தாள் முறிந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். சிறு துளைகள் இருந்தால் அது இராமபாணப் பூச்சியின் வேலை; அந்த நூல்களைத் தனியே பிரித்து வையுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் ஏட்டுச்சுவடிக்கு இட்ட வசம்பையும் உலர்ந்த வேப்பிலையையும் துணியில் முடிந்து அலமாரி மூலைகளில் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு முறை எல்லாவற்றையும் இறக்கிப் பாருங்கள். அலமாரி சுவரோடு ஒட்டியிருக்கக் கூடாது, நான்கு விரல் இடைவெளி வேண்டும். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுவதைப் போல் கொடுமை வேறில்லை. சில ஆண்டுகளில் பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும்.

பிறகு பட்டியல் எழுதுங்கள். பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு, அச்சிட்ட ஊர் ஆகியவை போதும். கடந்த 20 ஆண்டுகளில் வெளிவந்த நல்ல நிலையிலுள்ள நூல்களை ஊர் நூலகம் ஏற்கும். பட்டியலைக் காட்டி வேண்டியதைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். மிகப் பழையவற்றை ஊர் நூலகத்தில் கொடுப்பதைவிட, காக்கும் வசதியுள்ள ஆய்வு நூலகங்களிடம் சொல்வதே பொருத்தம். இதில் நமக்குப் பக்கத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடக நோட்டீசு, கல்யாண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று எதையும் தள்ளாமல் தம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நிலைநிறுத்தியது. இன்றைய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுவே. எனவே பெட்டகத்தின் அடியில் கிடக்கும் ஒற்றைத்தாள் நோட்டீசைக் குப்பை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கோட்டையூரிலேயே பிறந்த ஏ. கே. செட்டியார் நடத்திய குமரி மலர் போன்ற இதழ்கள் தொடர் இதழ்களாகக் கிடைத்தால் வரிசை கலைக்காமல் கட்டி வையுங்கள். தனி இதழைவிட இடைவெளியில்லாத ஓராண்டுத் தொகுப்பைத்தான் ஆய்வாளர் தேடுவார்.

மாதம் ஒரு வெளியூர் நூலகம்

ஊர் நூலகத்தோடு நின்றுவிடாமல் மாதத்தில் ஒரு நாளை வெளியூர் நூலகத்துக்கு ஒதுக்கலாம். காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917-இல் தொடங்கியது. 1919-இல் பாரதியார் வந்த இடம் என்பதற்காகவே ஒரு முறை பார்க்க வேண்டும். பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் முன்னின்று 1909-இல் உருவாக்கிய மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை இன்னொன்று. புதுக்கோட்டையில் கணவனும் மனைவியுமாக ஒரு வாழ்நாள் முழுதும் சேர்த்து உருவாக்கிய ஞானாலயா நூலகம் தனியார் முயற்சி. முன்கூட்டிச் சொல்லிவிட்டு, எதைத் தேடுகிறோம் என்ற தெளிவோடு போக வேண்டும். மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் காலைப் பேருந்தில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மின்தூக்கி இருப்பதால் மாடிக்குத் தயங்க வேண்டியதில்லை. அங்கே எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க முயன்றால் கால்வலிதான் மிஞ்சும். நோட்டில் மூன்று நூல்களின் பெயரை எழுதிக்கொண்டு போங்கள். கண்ணாடி, தண்ணீர்ப் புட்டி, மெல்லிய மேலாடை மூன்றும் பையில் இருக்கட்டும். குளிரூட்டிய அறையில் இரண்டு மணி நேரம் உட்காருவது நமக்குப் பழக்கமில்லை.

போக முடியாதபோதும் தாமதமானபோதும்

முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு நூலக நண்பர்கள் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல் கொண்டு வந்து தருகிறார்கள். உங்கள் நூலகத்தில் அப்படி ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே அந்த ஆளாகலாம். எங்கள் தெருவில் மூன்று வீடுகளுக்கு நான் எடுத்துப் போகிறேன். அவரவர் உறுப்பினர் அட்டையில்தான் எடுப்பேன், என் அட்டையில் எடுத்தால் கணக்கு என் பெயரில் சேர்ந்துவிடும்.

கடைசியாக, தவணை நாள் தப்பிவிட்டால் என்ன செய்வது என்பது. ஊரில் பலர் நூலகத்தை விட்டு நின்றுபோனதற்குக் காரணம் படிப்பில் வெறுப்பு அன்று, திருப்பிக் கொடுக்காமல் போன ஒரே ஒரு நூல்தான். மகன் வீட்டுக்குப் போயிருந்தார்கள், தேதி கடந்தது, வெட்கமாக இருந்தது, மாதம் வருடமாயிற்று; பிறகு அந்தத் தெரு வழியே போவதையே தவிர்த்தார்கள். தாமதக் கட்டணம் சிறிய தொகை. நூலே தொலைந்துபோனாலும் நூலகரிடம் சொல்லி அதன் விலையையோ அதே நூலின் புதிய படியையோ கொடுத்துத் தீர்க்க வழி உண்டு. எட்டு ஆண்டு கழித்து ஒருவர் என் மேசையில் ஒரு நூலை வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். சீட்டில் முத்திரையடித்து, அவருடைய அட்டையைப் புதுப்பித்து, அடுத்த நூல் என்ன வேண்டும் என்றுதான் கேட்டேன். இப்போது அந்த நாற்காலியில் இருப்பவர்களும் அதையேதான் கேட்பார்கள். எடுத்துக்கொண்டு போங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.